மூன்றாம் திருவிழாக்காரி

என் மகளுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மருமகன் எங்கள் குடும்பத்துத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். ஆக்கியவர்கள் கோயில்காரர். மருமகன் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

எங்கள் கோயில் திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்துக்குப் போகும் ஒரு தெருவில் இருக்கிறது. அம்மன் கோயில். கொடியேறிப் பத்து நாள் திருவிழா நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு. அன்றைய பூசை, பூ, மேளம், அன்னதானம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. குடும்பத்தின் சார்பில் முன்னுக்கு நிற்பவரைத் திருவிழாக்காரர் என்போம். மூன்றாம் திருவிழா எங்களுடையது. அது என் அம்மாவின் வழியாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பார். எனக்கு அம்மா வீட்டைத் தந்தபோது திருவிழாவையும் சேர்த்துத்தான் தந்தா. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. ஆனால் தர்ப்பை போட்டு முன்னுக்கு நின்றவர்கள் எப்போதும் ஆண்கள். அம்மாவின் காலத்தில் அப்பா. என் காலத்தில் என் கணவர்.

உண்மையைச் சொன்னால், கணவர் இருந்தவரைக்கும் எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர் வேட்டியோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐயருக்கு முன்னால் நிற்பார். நான் நாலடி பின்னால் நிற்பேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டால் அவர் தன்னுடையதைச் சொல்லிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து என்னுடையதையும் மகளுடையதையும் சொல்லுவார். அந்தத் திரும்பிப் பார்ப்பு எனக்குப் போதுமாக இருந்தது. நான்தான் அங்கே நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் அவர் போனார். அந்த வருஷம் துடக்கென்று, சாவுத் தீட்டென்று, கோயில் சபையே எங்கள் நாளைச் செய்தது. அடுத்த வருஷம் மகளின் கல்யாணம் முடிந்தது. மருமகன் தம்பலகாமத்துப் பிள்ளை. வயலும் உழவு இயந்திரமுமாக வளர்ந்தவர், அதிகம் கதைக்கமாட்டார். மகள் ஆஸ்பத்திரியில் தாதி. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு நான் ஒரு மாதமாக ஓடினேன். மேளக்காரரிடம் நாள் சொன்னது நான். பூவுக்குச் சொன்னது நான். சாம்பல்தீவில் இருந்து வாழைக்குலையும் தோரணத்துக்கு வாழைமரமும் ஏற்றிவந்தது நான். கட்டிய வாழைமரத்தை, பட்டினத்துத் தெருக்களில் திரிகிற மான் தின்னாமல் பார்த்துக்கொண்டு விடியக்காலையில் வாசலில் கதிரை போட்டு இருந்ததும் நான்தான். பூசை தொடங்கும் நேரம் ஐயர் மணியை வைத்துவிட்டு, "திருவிழாக்காரர் வாங்கோ" என்றார்.

நான் ஒரு அடி முன்னுக்கு வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை. ஒரு மாதம் ஓடிய கால், கூப்பிட்டதும் போய்விட்டது.

சபைச் செயலாளர் என்னைப் பார்க்கவேயில்லை. கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்து, "எங்க மருமோன்? தம்பி, சேர்ட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார். மருமகன் கோயில் மடத்தில், பந்திக்கு இருக்கிற வாங்குகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர். யாரோ அவருடைய தோளில் சால்வையைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். ஐயர் விரலில் தர்ப்பை போட்டார். பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவர் தன்னுடையதைச் சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்தார். என் நட்சத்திரம் அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மூன்று மாதம்தானே. ஐயர் காத்திருக்கவில்லை, மந்திரம் தொடங்கிவிட்டது. என் அம்மாவின் திருவிழாவில் அன்று அம்மனுக்குச் சொல்லப்பட்டது அந்த ஒரு பெயர் மட்டும்தான்.

முடிவில் காளாஞ்சி கொடுத்தார்கள். தட்டில் தேங்காய், வெற்றிலை, பழம், பூ. திருவிழாக்காரருக்குக் கோயில் செய்யும் மரியாதை அது. மருமகன் அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். முகம் சிவந்துபோயிருந்தது.

"மாமி, இது உங்கட. பிடியுங்கோ."

நான் கையை நீட்ட முதல் எனக்குப் பக்கத்தில் நின்ற சிநேகிதி என் முழங்கையைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி. நாற்பது வருஷப் பழக்கம். கோயில் குசினியில் மரக்கறி வெட்டுவதில் இருந்து பந்தி பரிமாறுவது வரை பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள் அவள்தான்.

"சனத்துக்கு முன்னால வேண்டாமடி," என்றாள் காதுக்குள். "வீட்டை போய் வாங்கு."

அவள் ஏன் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தாலி இல்லாதவள் மங்கலமான தட்டை எல்லாருக்கும் முன்னால் வாங்கக்கூடாது. அவள் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். நான் கையைக் கீழே விட்டேன். மகள் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது மருமகன் தானாகவே கதையைத் தொடங்கினார்.

"மாமி, எனக்கு அங்க நிண்டது கூச்சமாக் கிடந்தது. களவெடுத்த மாதிரி."

"நீங்கள் என்ன செய்யிறது தம்பி, கூப்பிட்டவை, போனீங்கள்."

"இல்லை. எங்கட ஊரில வயல் ஆருடையதோ அவர்தான் வாய்க்கால் தண்ணிக் கூட்டத்துக்குப் போறது. வேலைக்கு வந்தவன் போறேல்ல."

மகள் சீருடையோடு அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, இதைப் பொதுக்கூட்டத்தில கேளுங்கோவன்," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை கோயிலின் பொதுக்கூட்டம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பெண்கள் தேத்தண்ணியும் வடையும் செய்து வைப்போம். ஆண்கள் இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்து சாப்பிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கணவர் வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்ல மறந்த வருஷங்களும் உண்டு, நான் கேட்க மறந்த வருஷங்களும் உண்டு.

இத்தனைக்கும் நான் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண் இல்லை. பத்தொன்பது வயதில் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ரைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அங்கே முதலாவது பெண் நான்தான். சண்டை நடந்த காலத்தில் மூன்று சோதனைச்சாவடி தாண்டி, பாஸைக் காட்டி, வேலைக்குப் போய்வந்தேன். ஓய்வு பெறும்போது பிரதம லிகிதர், அலுவலகத்தின் தலைமை எழுத்தர். கோதுமைக் கப்பல் வந்தால் என்னுடைய கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை இறங்காது. வெள்ளைக்காரக் கப்டன்மார் என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கதைப்பார்கள். அந்த மேசையில் இருந்து எழும்பி, பின்னேரம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் நான் இன்னாருடைய மனைவி. ஒரு நாளில் இரண்டு ஆளாக இருப்பது அத்தனை வருஷம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

மகள் சொன்னதை நான் விட்டுவிட்டேன். ஆனால் சில மாதம் கழித்துப் பொதுக்கூட்டத்து அறிவித்தல் வந்தது. கொண்டுவந்தவர் கோயிலில் எடுபிடி வேலை செய்கிற, என் வயதுக்காரர். வேலிப் படலைக்கு வெளியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "மருமோன் நிக்கிறாரோ?" என்று கேட்டார்.

"இல்லை. என்னட்டத் தாங்கோ."

"அவற்ற பேருக்கு வந்தது அக்கா. அவர் வந்தாப் பிறகு கொண்டுவாறன்."

"நான் இந்த வீட்டுக்காரிதானே?"

அவர் சங்கடப்பட்டார். "ஓம் அக்கா. அது எனக்குத் தெரியாமலோ? ஆனா அவற்ற கையெழுத்தை வாங்கிக்கொண்டு வரச் சொன்னவை."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். படலையைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். கப்பலையே இறக்கிய கையெழுத்து. என் வீட்டுப் படலையில் ஒரு கடதாசி வாங்க உதவவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். அதுவரை எனக்கிருந்தது கவலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரமே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் மரியாதையான மனிதர், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதிரை தந்து இருக்கச் சொன்னார்.

"கோயில் யாப்பைப் பார்க்கவேணும்," என்றேன். யாப்பு என்றால் சபையின் எழுதிய விதிமுறை.

"யாப்போ? அது என்னத்துக்கு?"

"அங்கத்தவராச் சேருறதுக்கு என்ன விதி எண்டு பார்க்க."

"வீட்டுக்கு ஒரு ஆம்பிளை. அதுதானே வழமை. யாப்பு என்னத்துக்கு?"

ஆனாலும் எழும்பிப்போய் அலுமாரியில் தேடி தாள்கள் கட்டிய ஒரு பழைய கோவையைக் கொண்டுவந்தார். போட்டோப் பிரதி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரப் பிள்ளை தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு "ழ"வும் வரிக்குச் சற்று மேலே ஏறி நின்றது.

அது நான் அடித்தது. வேலைக்குச் சேர முதல், ரைப்பிங் வகுப்புக்குப் போன காலத்தில், வகுப்பில் ஒரேயொரு தமிழ் மெஷின் இருந்தது. அதில் "ழ" எப்போதும் ஏறித்தான் விழும். அந்தக் காலத்துக் கோயில் செயலாளர் கையெழுத்தில் எழுதிய தாள்களை அப்பாவிடம் தந்து, "பிள்ளையைக் கொண்டு அடிச்சுத் தாங்கோ" என்றவர். இரண்டு நாள் இருந்து அடித்தேன். பிழையில்லாமல் அடித்ததற்கு அப்பா மிகவும் சந்தோஷப்பட்டார். எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்த அந்த யாப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்று நான் ஒருதரமும் வாசிக்கவில்லை. அது எனக்கானது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கடை வாசலில் நின்றே வாசித்தேன். அங்கத்துவம் என்ற பிரிவில் இப்படி இருந்தது: கோயிற் பற்றினுள் வசிக்கும், பதினெட்டு வயது நிரம்பிய, சைவ சமயத்தவர் யாவரும். ஆண் என்ற சொல் அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை.

முதலில் சிநேகிதியிடம்தான் ஓடினேன். அவள் பின்முற்றத்தில் புளி கோது எடுத்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். கூட்டத்துக்கு வா, இரண்டு பேருமாகப் போவோம் என்றேன். அவள் நிமிரவில்லை.

"நீ இதைக் கிளப்பினா எங்களைக் குசினியாலயும் போகச் சொல்லுவினம்."

"ஏன் சொல்லுறது? விதியில கிடக்கு."

"விதியில கிடக்கிறதெல்லாம் நடக்குதே? உனக்குப் பென்சன் வருது, மகள் உழைக்கிறாள். எனக்கு அந்தக் குசினிதான். அங்க நான் சொன்னா ஐம்பது பொம்பிளையள் கேப்பினம். அந்தக் கூட்டத்துக்குள்ள வந்து கடைசிக் கதிரையில குந்திக்கொண்டு என்ன செய்ய?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதோட, சின்னப் பெட்டையள் எல்லாம் வந்தா, மாதத் துடக்கு நாளில கூட்டம் விழுந்தா என்ன செய்வாய்? அதையும் எழும்பி நிண்டு கேப்பியோ?"

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் துடக்கு நின்று பல வருஷம் ஆகியிருந்தது என்பதுகூட அந்த நேரம் எனக்குச் சொல்ல வரவில்லை. அவள் சொன்னதில் எது பயம், எது நியாயம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு நாள் எடுத்தது. அவளுடைய ஆட்சி சின்னது, ஆனால் அது அவளே கட்டியது. அதைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். மருமகன் வாசல்வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நான் உள்ளுக்கு வந்தா என்னைத்தான் கூப்பிடுவினம் மாமி," என்று சொல்லித் திரும்பிப் போனார். மடத்துக்குள் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் போய் இருந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாகவே இருந்தது. குசினிப் பக்கத்தில் இருந்து வடை பொரிகிற வாசம் வந்துகொண்டிருந்தது. அங்கே சிநேகிதி நிற்கிறாள் என்று தெரியும்.

சபைத் தலைவர் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர், இன்றைக்கும் எனக்குச் 'சேர்'தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, என்ன, ஏதும் சொல்லவேணுமோ? சொல்லிப்போட்டுப் போங்கோ."

"கூட்டத்துக்கு வந்தனான் சேர். அங்கத்தவராச் சேர."

நான் எழும்பி யாப்பை வாசித்தேன். கப்டன்மாரோடு நடுங்காத குரல், எனக்குத் தெரிந்த முகங்களுக்கு முன்னால் நடுங்கியது.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "யாவரும் எண்டா, அந்த நேரம் ஆம்பிளையளை நினைச்சுத்தான் எழுதினது பிள்ளை."

"நினைச்சது எங்க சேர் எழுதிக்கிடக்கு?"

சிலர் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்ததாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "கப்பல்காரரோட கதைச்சுப் பழகின வாய்தானே. புருஷன் போனாப் பிறகு கேக்க ஆள் இல்லை."

யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் தெரிந்த குரல். என் கணவரோடு சேர்ந்து தேர் இழுத்தவர். அவரை ஒருவரும் கண்டிக்கவில்லை. தலைவர் மேசையில் தட்டி, "இது யோசிச்சு முடிவெடுக்கவேண்டிய விஷயம், அடுத்த கூட்டத்தில பார்ப்பம்," என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் கதிரையில் இருந்தேன், கூட்டம் முடியும்வரை எழும்பவில்லை. எழும்பினால் அழுதுவிடுவேன் என்று பயம். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பதில் சொல்ல எனக்கு நல்ல வசனங்கள் எல்லாம் அப்போதுதான் வந்தன.

அதற்குப் பிறகு சில மாதம் தெருவில் என்னோடு கதைப்பவர்கள் குறைந்தார்கள். சிநேகிதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவதை நிறுத்தினாள். கறி கொடுத்து வாங்குவதும் நின்றது. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. விட்டுவிடுவோமா என்று பலமுறை யோசித்தேன்.

விடாமல் செய்தவர் மருமகன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சபைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் திருவிழா தன்னுடையது அல்ல, அது தன் மாமியாருடையது, ஆகையால் சபை தானாகவே போட்ட தன் பெயரை அங்கத்தவர் பட்டியலில் இருந்து எடுத்துவிடவும் என்று நாலு வரி. செயலாளர் பதறிப்போய் வீட்டுக்கு வந்தார். திருவிழாக்காரர் இல்லாவிட்டால் அந்த நாளைப் பொதுவாக்க வேண்டிவரும் என்றார். மகள் கேட்டாள்: "திருவிழாக்காரி இங்க இருக்கிறா. அவவை என்ன செய்யப்போறியள்?" தலைவரோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று அவர் எழும்பிவிட்டார்.

நான் தலைவரின் வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. பின்வரிசையில் இருந்து அந்தக் கதை வந்தபோது நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்கத்தான் போனேன். கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது பிழைதான் பிள்ளை," என்றார். "அப்ப எனக்கு வாய் வரேல்ல."

அவருடைய மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றா. கோயிலுக்கு ஒழுங்காக வருகிற, ஆனால் அதிகம் கதைக்காத அம்மா. தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டா:

"அந்த யாப்பில அப்பிடித்தான் எழுதிக்கிடக்கோ, யாவரும் எண்டு?"

"ஓம் அம்மா."

"முப்பது வருஷமா இவர் தலைவர். எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல."

தலைவர் தேத்தண்ணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

இந்தக் குழப்பத்தால் அடுத்த பொதுக்கூட்டத்தைத் திருவிழாவுக்கு முதலே வைத்தார்கள். நாங்கள் ஒன்பது பெண்கள் போனோம். என் மகள், அவளோடு வேலை செய்கிற இரண்டு தாதிமார், கடற்கரைக் கிராமமான சல்லியில் இருந்து கல்யாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்த ஒரு மீன் வியாபாரி, வேறு சிலர். தலைவரின் மனைவியும் வந்தா. அவருக்குப் பின்னால் அல்ல, அவருக்கு முதலே வந்து முதல் வரிசையில் இருந்தா. செயலாளர் விண்ணப்ப ஃபோம்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தந்தார். விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. நான் மாதக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. பின்வரிசைக்காரர் அன்று வரவேயில்லை.

அன்றைக்கே ஒரு வாக்கெடுப்பு வந்தது. வெளிவீதிக்குத் தகரக் கூரை போடுவதா, வேப்பமரங்களை அப்படியே விடுவதா என்பது கேள்வி. நான் மரங்களுக்குக் கை உயர்த்தினேன். தலைவரின் மனைவி கூரைக்கு உயர்த்தினா. மழைக்குக் கிழவிகள் நனைகிறார்கள் என்று காரணமும் சொன்னா. மகளும் கூரைக்குத்தான். நான் தோற்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளோடு வாக்குவாதம். படலையைத் திறக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்கள் வந்தால் எல்லோரும் என் பக்கம் நிற்பார்கள் என்று நானும்தான் நினைத்திருக்கிறேன்.

திருவிழா விஷயம் அவ்வளவு இலகுவாக முடியவில்லை. வாக்குப் போடுவது சபையின் காரியம், தர்ப்பை போடுவது ஆகமக் காரியம் என்று சபை ஒதுங்கிக்கொண்டது. ஐயர் ஒரு வழி சொன்னார். மகளும் மருமகனும் தம்பதியாக நிற்கட்டும், சங்கற்பத்தில் என் பெயரை முதலில் சொல்லுவோம். அப்படியே செய்தோம். என் பெயரும் நட்சத்திரமும் ஒலிபெருக்கியில் கேட்டன. மகள் காளாஞ்சியை வாங்கி அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், என் கையில் தந்தாள். இந்தமுறை என் முழங்கையை ஒருவரும் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் நின்றது நாலடி பின்னால்தான்.

பூசை முடிந்து எல்லோரும் பந்திக்குப் போன பிறகு ஐயரிடம் கேட்டேன்.

"ஐயா, நான் நிக்கக்கூடாதெண்டு எங்கயும் எழுதிக்கிடக்கோ?"

அவர் இளம் வயதுக்காரர். விபூதித் தட்டை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"பொய் சொல்ல ஏலாது அம்மா. நானும் பெரியவையிட்டக் கேட்டுப் பார்த்தனான். ஒராள் நிக்கலாம் எண்டார், ஒராள் ஏலாது எண்டார். நான் உங்களுக்குத் தர்ப்பை போட்டா, நாளைக்கு இந்த ஊரில என்னை ஆர் கல்யாணத்துக்குக் கூப்பிடுவினம்? எனக்கும் இரண்டு பிள்ளையள்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சிநேகிதி குசினியைப் பற்றிச் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தாங்கள் நிற்கிற அந்தச் சின்ன இடம் ஆடாமல் இருக்கவேண்டும். என்னுடையது ஆடியபோதுதான் நானும் எழும்பினேன். கணவர் இருந்திருந்தால் இன்றைக்கும் அவருடைய திரும்பிப் பார்ப்போடு திருப்திப்பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதை நான் யாருக்கும் சொல்லியதில்லை.

இப்போது சபையில் பெண்களின் தொகை கூடியிருக்கிறது. பொதுக்கூட்டத்தில் தேத்தண்ணியை ஆண்களும் பெண்களும் முறைவைத்துப் போடுகிறார்கள். ஆண்கள் போடுவது வாயில் வைக்க ஏலாது. மூன்றாம் திருவிழாவில் தர்ப்பை இன்னும் தம்பதிக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் நான் ஐயரிடம் கேட்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அவர் யோசிக்கிறார்.

சிநேகிதியோடு கதை மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது. முதலில் முருங்கைக்காய் தந்தாள். பிறகு தன் பிரஷர் குளிசையைப் பற்றிக் கேட்டாள். கோயில் கூட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கமாட்டோம். போன மாதம் ஒரு காலையில் வேலிக்கரையில் வந்து நின்றாள்.

"அந்த ஃபோம் இருக்கோ உன்னட்ட?"

"எந்த ஃபோம்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"அதுதான். அதில புருஷன்ர கையெழுத்து வேணுமோ?"

"இல்லை. உன்ர மட்டும்தான்."

"துடக்கு நாளைப் பற்றி ஏதும் கிடக்கோ?"

"ஒண்டும் இல்லை."

உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து, குசினிக்குள் கொண்டுபோனாள். நிரப்பினாளா என்று எனக்குத் தெரியாது. நான் இன்னும் கேட்கவில்லை.